பெர்செபோலிஸ்: சுவர்கள் கரைந்த பிறகு கல்லைக் காப்பது

பண்டைய பாரசீக அரசர்களின் அரண்மனைத் தொகுதியான பெர்செபோலிஸின் படங்களைப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, இத்தனை வாசல் நிலைகளும் சன்னல் சட்டங்களும் தனித்தனியாக நிற்கின்றனவே, சுவர்கள் எங்கே போயின என்பதுதான். மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. அந்த அரண்மனைகளின் சுவர்கள் கல்லால் ஆனவை அல்ல. சுடாத செங்கல்லால் கட்டியவை. அபதானா என்ற பெரிய சபா மண்டபத்தில் அந்தச் சுவரின் கனம் 5 மீட்டருக்கும் மேல். கூரை தேவதாரு உத்தரங்கள் தாங்கிய தட்டைக் கூரை. தூண், படிக்கட்டு, வாசல் நிலை, சன்னல், சுவரில் பதித்த மாடம் ஆகியவற்றுக்கு மட்டுமே கல். கூரை எரிந்தது, சுவர் மழையில் கரைந்தது, எலும்புக்கூடாகக் கல் மட்டும் மிஞ்சியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அங்கே நடக்கும் பாதுகாப்புப் பணியில் பாதி தானாகவே புரிந்துவிடும். வாசல் நிலைகளின் உட்புறத்தில் அரசனும் குடை பிடிக்கும் பணியாளும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் கூரைக்கடியில், நிழலில் இருக்க வேண்டியவர்கள். வெயிலும் பனியும் மழையும் படும் என்று எண்ணி எந்தக் கல்தச்சரும் அவற்றைச் செதுக்கவில்லை. வீட்டுக்குள் இருக்க வேண்டிய கல் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வெளியே நிற்கிறது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில், ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், மர்வ்தஷ்ட் சமவெளியின் ஓரத்தில், கூஹ்-ஏ ரஹ்மத் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. உள்ளூர்ப் பெயர் தக்த்-ஏ ஜம்ஷீத். கி.மு. 518 வாக்கில் பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் கட்டத் தொடங்கினான். மகன் செர்க்சஸும் பேரன் முதலாம் அர்தசெர்க்சஸும் தொடர்ந்தார்கள். மலைப்பாறையை ஒரு பக்கம் வெட்டி, இன்னொரு பக்கம் பெருங்கற்களால் தாங்குசுவர் எழுப்பி, ஏறத்தாழ 1,25,000 சதுர மீட்டர் பரப்புள்ள மேடை ஒன்றை முதலில் உருவாக்கினார்கள். அதில் ஏற 111 படிகள் கொண்ட இரட்டைப் படிக்கட்டு. படி ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் உயரம்தான். அகலமோ கிட்டத்தட்ட 7 மீட்டர். சில இடங்களில் ஒரே கல்லில் நான்கைந்து படிகளை வெட்டியிருக்கிறார்கள். இப்போது அந்தப் படிகளின் மேல் மரப்பலகை போட்டிருக்கிறார்கள். பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸ் விடுமுறையில் வரும் கூட்டத்தின் செருப்புகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், அதைவிட மலிவான, பயனுள்ள பாதுகாப்பு அங்கே வேறு இல்லை.

கி.மு. 330இல் அலெக்சாண்டரின் படை தங்கியிருந்தபோது அரண்மனைகள் எரிந்தன. வேண்டுமென்றே வைத்ததா, குடிபோதையில் வைத்ததா என்ற விவாதத்தைப் பழைய கிரேக்க, லத்தீன் ஆசிரியர்களே தொடங்கி வைத்துவிட்டார்கள். கல்லைப் பொறுத்தவரை முக்கியம், தீ எங்கே எரிந்தது என்பதுதான். உத்தரங்கள் எரிந்து தரையில் விழுந்தன; அதனால் தூண்களின் கீழ்ப்பகுதிக்கும் வாசல் நிலைகளின் அடிக்கும்தான் கடுமையான சூடு. சுண்ணாம்புக்கல் சில நூறு டிகிரியில் நிறம் மாறி உள்ளே நுண்விரிசல் விடும். 800, 900 டிகிரியை எட்டினால் சுட்ட சுண்ணாம்பாகவே மாறத் தொடங்கும். அப்படி ஆன பகுதி அடுத்த மழையில் உதிரும். நூறு தூண் மண்டபத்தில் சேதம் இவ்வளவு கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 68 மீட்டருக்குச் சற்று மேல் பக்க நீளமுள்ள சதுர மண்டபம் அது. அவ்வளவு கூரை மரமும் ஒரே இடத்தில் எரிந்திருக்கிறது. வெளிப்பார்வைக்கு முழுதாகத் தெரியும் கல்லும் தட்டிப் பார்த்தால் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். மேல் ஓடு தனியாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதே தீ ஒரு நன்மையும் செய்தது. கருவூலத்தில் இருந்த களிமண் பலகைகள் அந்தச் சூட்டில் வெந்து இறுகின. மேடையின் வடகிழக்கு மூலையில், அரண் சுவருக்குள் 1933இல் கிடைத்த வேறொரு தொகுதியில் பல்லாயிரம் பலகைகளும் துண்டுகளும் இருந்தன. பெரும்பாலும் அப்பகுதியின் பழைய மொழியான ஈலமைட்டில், கி.மு. 509 முதல் 493 வரையான கணக்குகள்: யாருக்கு எத்தனை படி வாற்கோதுமை, எவ்வளவு மது, பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்கு எவ்வளவு கூடுதல் பங்கு. ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு என்பதும் அவற்றில் இருக்கிறது. ஆய்வுக்காக 1936இல் சிகாகோவுக்குக் கடனாகப் போன இத்தொகுதி, ஈரானிடம் இழப்பீடு கேட்டவர்களின் வழக்கில் சிக்கியது. பறிமுதல் செய்ய முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 1,700க்கும் மேற்பட்ட பலகைகள் தெஹ்ரான் திரும்பின.

அபதானா மேடைக்கு வடக்கிலும் கிழக்கிலும் இரண்டு படிக்கட்டுகள். இரண்டிலும் ஒரே சிற்ப வரிசை, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி. 23 நாட்டுத் தூதுக்குழுக்கள் காணிக்கையோடு வருகின்றன: ஒட்டகம், ஆட்டுக்கடா, திமில் காளை, பெண் சிங்கம். வடக்குப் படிக்கட்டு எப்போதும் வெளியில் தெரிந்துகொண்டே இருந்தது. கிழக்குப் படிக்கட்டை, கரைந்து விழுந்த சுவர் மண் முழுதாக மூடிவிட்டது. 1932இல் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் தலைமையிலான சிகாகோ பல்கலைக்கழகக் குழு தோண்டியபோதுதான் அது வெளிவந்தது. இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கிழக்கில் தாடியின் சுருளும் அங்கியின் மடிப்பும் கூர்மையாக இருக்கும். வடக்கில் மேற்பகுதி உடைந்தும் முகங்கள் தேய்ந்தும் இருக்கும். ஒரே கல், ஒரே தலைமுறைத் தச்சர்கள், ஒரே ஊர் மழை. இதைவிட நேர்த்தியான சோதனையை எந்த ஆய்வகத்திலும் அமைக்க முடியாது. காத்தது மண். மூடியிருந்த வரை நன்றாக இருந்தது. வெளியே எடுத்த நாளிலிருந்து அதற்கும் வயதாகத் தொடங்கிவிட்டது.

அந்த வயதை அளக்க ஒரு கருவி தற்செயலாகக் கிடைத்திருக்கிறது. 1892இல் ஹெர்பர்ட் வெல்ட்-பிளண்டல் ஏற்பாட்டில் வந்த பிரிட்டிஷ் குழு அப்போது வெளியில் தெரிந்த சிற்பங்களுக்கு அச்சு எடுத்தது. அவற்றிலிருந்து வார்த்த நகல்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூலக்கல்லில் பின்னர் மழுங்கிப்போன நுணுக்கங்கள் சில அந்த வார்ப்புகளில் தெரிகின்றன. ஆனால் அச்சு எடுப்பதும் சும்மா வருவதில்லை. ஈரக் காகிதக் கூழையோ சுதையையோ கல்லில் அப்பி உரிக்கும்போது, இடுக்கில் ஒட்டியிருந்த பழைய நிறமும் கூடவே வந்துவிடும். இன்று இந்த வேலையை முப்பரிமாண ஸ்கேன் செய்கிறது. கல்லைத் தொட வேண்டியதில்லை.

நிறமா என்று கேட்பவர்களுக்கு: ஆம், இந்தச் சாம்பல் கல்லில் வண்ணம் பூசியிருந்தார்கள். எகிப்திய நீலம், இரும்புக் காவிச் சிவப்பு, செம்புக் கனிமப் பச்சை ஆகியவற்றின் துகள்கள் சிற்ப இடுக்குகளில் கிடைத்திருக்கின்றன. ஆகவே ‘சுத்தம் செய்தல்’ என்ற சொல்லே அங்கே ஆபத்தானது. கம்பித் தூரிகையோ, அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீரோ, அமிலமோ ஐந்து நிமிடத்தில் கல்லைப் பளிச்சென்று ஆக்கும். கடைசியாக மிஞ்சியிருந்த நீலத் துகளும் அதோடு போகும். இன்னொரு இழப்பும் உண்டு. தாரியஸின் தச்சரா அரண்மனைக் கற்கள் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டவை. அந்த மெருகு அழகுக்கு மட்டுமல்ல. நுண்துளைகளை அடைத்துத் தண்ணீர் உள்ளே போவதைத் தடுப்பதும் அதுதான். மெருகு போன இடத்தில் தேய்மானம் வேகமெடுக்கிறது.

அடுத்தது கற்களை இணைத்த இரும்பு. சாந்து இல்லாமல் கல்லோடு கல்லை மயிரிழை இடைவெளியில் பொருத்தியிருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு கற்களில் பள்ளம் வெட்டி, இரு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கிய இரும்புக் கவ்வியை இறக்கி, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயத்துக்கு இரண்டு வேலை. இரும்பைத் தண்ணீர் தொடாமல் காப்பது ஒன்று. நிலம் அதிரும்போது கொஞ்சம் நெளிந்து கொடுத்துக் கல் உடையாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. ஃபார்ஸ் நிலநடுக்கப் பகுதி என்பதால் இரண்டாவதும் சிறிய வேலையல்ல. அரண்மனை பாழானபின் உலோகத்துக்காகக் கல்லை உடைத்து இந்தக் கவ்விகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். கல் இணையும் மூலைகளில் கோரமான குழிகள் இருப்பது அதனால்தான். கவ்வி போனதும் கற்கள் ஒன்றையொன்று விட்டு நகரத் தொடங்கின. பெயர்த்த குழியில் மழைநீர் தேங்கியது. இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். குளிர்கால இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போகும். உறையும் நீர் 9 சதவீதம் பருமனாகும். குழி விரிசலாகி, விரிசல் பிளவாகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பழுது பார்த்தவர்கள் பல இடிபாடுகளில் செய்த தவறு, இந்தக் குழிகளிலும் உடைவுகளிலும் சாதாரண இரும்புக் கம்பியும் போர்ட்லாண்ட் சிமென்ட்டும் வைத்தது. ஈயம் இல்லாத இரும்பு துருப்பிடிக்கும். துருவின் பருமன் இரும்பைப்போல் பல மடங்கு. உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடும். சிமென்ட் சுண்ணாம்புக்கல்லைவிடக் கடினம், தண்ணீரை வெளியே விடாது, கரையும் உப்புகளையும் சுமந்து வருகிறது. ஆகவே ஈரமும் உப்பும் பக்கத்திலிருக்கும் பழங்கல்லின் வழியாக வெளியேறப் பார்க்கும். பூசிய சிமென்ட் நன்றாக இருக்க, சுற்றியுள்ள மூலக்கல் பொடியாகி உதிரும். இப்போது கம்பி தேவையென்றால் துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம் அல்லது கண்ணாடி இழை. சாந்து தேவையென்றால் சுண்ணாம்போடு அதே கல்லின் தூள், ஒரு பங்குக்கு இரண்டரை மூன்று பங்கு. விதி எளியது: புதிதாக வைப்பது பழைய கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், ஏதாவது உடைவதென்றால் புதியதுதான் உடைய வேண்டும்.

விரிசலை நிரப்புவதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் உள்ளே இருக்கும் மண்ணைக் கழுவி எடுக்க வேண்டும். தண்ணீரோடு கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்தால் ஒடுங்கிய பிளவுக்குள்ளும் இறங்கும். பிறகு விரிசலின் வாயைக் களிமண்ணாலோ பின்னர் எடுத்துவிடக்கூடிய பசையாலோ அடைத்து, சிறு குழாய்களை விட்டு, கீழிருந்து மேலாகச் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்த வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, வெளியே நிரம்பியதுபோல் தெரியும், உள்ளே வெற்றிடம் இருக்கும். கல்லின் மேற்பரப்பே பொடியாகும் இடத்தில் மணற்கல்லை இறுக்கப் பயன்படும் எத்தில் சிலிகேட் என்ற வேதிப்பொருளை நம்ப முடியாது. அது சுண்ணாம்புக் கனிமத்தோடு சரியாகப் பிணைவதில்லை. ஆல்கஹாலில் கலந்த நுண்ணிய சுண்ணாம்பு பொருத்தமானது. ஆனால் அது இறுகக் காற்றில் ஈரம் வேண்டும். ஃபார்ஸின் வறண்ட கோடையில் அப்படியே விட்டால் வெள்ளைப் பொடியாக மேலே படிந்து நிற்கும்; ஈரத் துணி மூடி நாள்கணக்கில் காக்க வேண்டும்.

இந்த இடத்தில் நடந்த சீரமைப்புகளில் மிகச் சிறந்தது என்று நான் கருதுவது 1964 முதல் இத்தாலியக் குழு செய்தது. அதில் ஜுசெப்பே தீலியா, ஆன் பிரிட் தீலியா தம்பதியின் பங்கு பெரியது. உடைந்து சிதறிக் கிடந்த துண்டுகளை உடைவு முகம், உளித்தடம், கவ்விக்குழி ஆகியவற்றைக் கொண்டு பொருத்திப் பார்த்துப் பழைய இடத்தில் சேர்த்தார்கள். உளித்தடம் காலத்தையும் சொல்லும்: பல்லுளியின் இணைகோடுகள் தாரியஸுக்கு முந்திய அரசன் சைரஸின் தலைநகரான பசர்கடேயின் கட்டடங்களில் இல்லை, தாரியஸ் காலத்தில் வருகின்றன. இப்படி அளந்து பொருத்தியதில்தான் வரலாறே ஒன்று மாறியது. அரசன் அரியணையில் அமர்ந்து அதிகாரி ஒருவனைச் சந்திக்கும் இரண்டு பெரிய சிற்பப் பலகைகளை எரிக் ஷ்மிட் குழு 1936இல் கருவூலத்தில் கண்டெடுத்தது. அவை அங்கேயே செய்தவை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவை முதலில் அபதானாவின் இரு படிக்கட்டுகளின் நடுவில் இருந்தவை, பண்டைக் காலத்திலேயே பெயர்த்து உள்ளே கொண்டுபோகப்பட்டவை, படிக்கட்டில் காலியான இடத்தில் காவலர் சிற்பப் பலகைகள் செருகப்பட்டன என்று தீலியாக்கள் அளவுகளைக் கொண்டே நிறுவினார்கள். ஒரு பலகை இப்போது தெஹ்ரான் தேசிய அருங்காட்சியகத்தில், மற்றது கருவூலத்திலேயே.

துண்டுகள் எல்லாம் மேடையிலேயே இருந்துவிட்டால் வேலை எளிது. 1930களில் காணாமல்போன காவலன் தலைச் சிற்பம் ஒன்று கனடாவின் மாண்ட்ரியல் அருங்காட்சியகத்துக்குப் போய், 2011இல் அங்கிருந்தும் திருடுபோய், மீட்கப்பட்டு, விற்கப்பட்டு, 2017இல் நியூயார்க் கலைச்சந்தையில் பறிமுதலாகி, அடுத்த ஆண்டு ஈரானிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. இன்னொரு சிற்பத் துண்டுக்காக லண்டனில் தொடுத்த வழக்கில் 2007இல் ஈரான் தோற்றது.

கல்லின் மேல் படரும் லைக்கன் மெதுவாக அரிக்கும் பகை. நம் சமையலில் போடும் கல்பாசியின் இனம்தான்; ஆனால் இங்கே பாறையோடு ஒட்டி வளரும் வகைகள். இழைகளைக் கல்லுக்குள் இறக்கி, சுரக்கும் அமிலத்தால் சுண்ணாம்பைக் கரைத்து, ஊசிக் குழிகளாக்கிவிடுகிறது. உலர்ந்திருக்கும்போது சுரண்டினால் கல்துகளையும் சேர்த்துப் பிடுங்கும். மருந்து தெளிப்பதாக இருந்தாலும் முதலில் ஈரப்படுத்த வேண்டும். காய்ந்து உறங்கும் லைக்கன் மருந்தை உறிஞ்சாது. மறைவான மூலையில் கையகல இடத்தில் சோதித்து, ஒரு குளிர்காலமாவது காத்திருந்து பார்த்த பிறகே சிற்பத்துக்கு வர வேண்டும். எல்லா லைக்கனையும் எடுத்தே தீர வேண்டுமா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. சில இடங்களில் அது அரித்த கல்லை அதுவே பிடித்துக்கொண்டிருக்கும், எடுத்ததும் உதிரும்.

மிஞ்சியிருக்கும் மண் சுவர்களுக்கு வைத்தியம் பழையதே: மண்ணும் நறுக்கிய வைக்கோலும் கலந்த பூச்சு, பாரசீகத்தில் காஹ்கெல். உப்பில்லாத மண்ணைச் சலித்து, வைக்கோலோடு ஊறவைத்து, மிதித்துப் பதப்படுத்தி, மழைக்காலம் தொடங்கும் முன் பூச வேண்டும். கனமாகப் பூசினால் வெடிக்கும். வைக்கோல் குறைந்தாலும் வெடிக்கும். பூச்சு கரைந்துபோவது குறையல்ல. சுவருக்குப் பதில் அது கரைய வேண்டும் என்பதற்காகவே பூசுகிறோம். சுவரின் அடிதான் கவனிக்க வேண்டிய இடம். தரையீரம் உப்போடு ஏறி, முழங்கால் உயரத்துக்குக் கீழே சுவரை அரித்து ஒடுக்கிவிடும். மேலே எவ்வளவு அழகாகப் பூசினாலும் ஒருநாள் மொத்தமாகச் சரியும்.

தண்ணீரைப் பற்றிக் கட்டியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மேடைக்கு அடியில் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் வடிகால்களை, மேலே கட்டடம் எழுப்புவதற்கு முன்பே அமைத்துவிட்டார்கள். மலையிலிருந்து பாயும் வெள்ளத்தை வாங்க, பாறையில் குடைந்த ஏறக்குறைய 60 மீட்டர் ஆழக் கிணறு. கூரைநீர் இறங்கச் செங்குத்துக் குழாய்களைச் சுட்ட செங்கல்லும் நிலக்கீலும் கொண்டு மண் சுவருக்குள்ளேயே மறைத்திருந்தார்கள். சுவர் போனதும் குழாய் போயிற்று. வடிகால்களில் இடிபாட்டு மண் அடைத்துக்கொண்டது. அவற்றைத் தூர்வாரித் திறந்து வைப்பது செய்தித்தாளில் வராத வேலை. ஆனாலும் எந்தச் சிற்பத்துக்குச் செய்யும் மருந்தைவிடவும் அது முக்கியம். பெய்யும் மழை குறைவுதான். ஆனால் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சேர்ந்து கொட்டும். வடிகால் அடைத்தால் அன்றே தூண் அடிகளைச் சுற்றித் தேங்கும்.

கிழக்குப் படிக்கட்டின் மேல் போட்டிருக்கும் கூரையைப் புகைப்படக்காரர்கள் திட்டுவார்கள். கூரை இருக்கட்டும் என்பேன். அதன் விளிம்பிலிருந்து வழியும் நீர் ஒரே கோட்டில் விழுந்து தரையைத் தோண்டாமல் பீலி வைத்து வடிகாலில் சேர்க்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மேடையைக் காப்பவர்களின் கைக்கு எட்டாத சிக்கல் வேலிக்கு வெளியே இருக்கிறது. மர்வ்தஷ்ட் சமவெளி ஈரானின் முக்கிய நெல், கோதுமை விளைநிலங்களில் ஒன்று. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாக உறிஞ்சியதில் நிலம் இறங்குகிறது. சில கிலோமீட்டர் தொலைவில், அரசர்களின் குடைவரைக் கல்லறைகள் உள்ள நக்‌ஷ்-ஏ ருஸ்தம் அருகில் நிலப்பிளவுகள் தெரிகின்றன. நீர் வற்றிய களிமண் அடுக்கு ஒருமுறை அமுங்கினால், மழை பெய்து நீர்மட்டம் ஏறினாலும் பெரும்பாலும் பழைய உயரத்துக்கு வராது. பெர்செபோலிஸ் மேடையின் கிழக்குப் பாதி மலைப்பாறையில் நிற்கிறது; மேற்கு ஓரம் சமவெளியை ஒட்டியது. ஒரு பக்கம் அசையாமல் இன்னொரு பக்கம் மட்டும் இறங்குவதுதான் கட்டடத்துக்கு மிகக் கெட்டது. ஆகவே தாங்குசுவரின் மூட்டுகளிலும் பெரிய படிக்கட்டின் இணைப்புகளிலும் விரிசல் அளவியை வைத்து, ஆண்டின் ஒரே பருவத்தில், ஒரே வெப்பநிலையில் எடுத்த அளவுகளை ஒப்பிட வேண்டும். கோடையில் எடுத்ததைக் குளிர்கால அளவோடு ஒப்பிட்டால் கல் விரிவதையே சரிவு என்று எண்ணிவிடுவோம். அளவு மாறினால் சரிசெய்ய வேண்டிய இடம் சுவரல்ல. கீழே வயலில் ஓடும் பம்புசெட்டுகள்.